கழுவிய சவ்வரிசி

ஜூலை 7, திங்கள்

மேற்கேயிருந்து கச்சான் காற்று. ஜன்னல் இடுக்கில் துணி திணித்தும் ஆய்வக மேஜையெல்லாம் மணல். ஒளிர்வு அளக்கும் மெஷினுக்கு உறை போடாமல் போயிருக்கிறேன். துடைத்தேன்.

செய்ய: விளக்கு சூடாக அரை மணி நேரம். கரை மணிகள் கடைசி இருபது. பிறகு பிசிஏ கணக்கு. எத்தனால் கேட்க வேண்டும். செருப்பு தைக்க.

வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸில் கமிட்டி. அதற்குள் ஒரு கேள்விக்குப் பதில். நெத்திலி காயப்போட்டு விற்கும் ஜெசிந்தா அக்கா ஊர்க் கரை முழுக்கக் கிடக்கும் பிளாஸ்டிக் மணிகள், கோடையில் கப்பலிலிருந்து விழுந்து உடைந்த பெட்டியுடையவையா? அல்லது துறைமுகச் சாலைக் கிட்டங்கியில், அந்தச் சரக்குக் குடோனில், மூட்டை கிழிந்து ஓடை வழியாக வந்தவையா? கப்பலுடையது என்றால் கப்பல்காரர்கள் ஆள் வைத்துக் கரையைச் சலித்துத் தர வேண்டும். கிட்டங்கியோ பூட்டிக் கிடக்கிறது. அதனுடையது என்றால் யாரும் வரமாட்டார்கள்.

இரண்டும் பாலிஎத்திலீன். ஒரே வெள்ளை, ஒரே அளவு. ஊரில் சவ்வரிசி என்கிறார்கள். புற ஊதா ஒளியை அடித்தால் இரண்டும் கொஞ்சம் வேறு மாதிரி ஒளிரும், உள்ளே கலந்திருக்கும் சேர்மானங்களால். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். கணக்கு பிரித்துக் காட்டும். கப்பல் பெட்டியிலும் கிட்டங்கி மூட்டையிலும் எடுத்தவை ஒப்பிடக் கையில் உண்டு. மணி ஒன்றுக்கு ஒரு புள்ளி. ஒரே வகை ஒரே இடத்தில் கூடும். கரைப் புள்ளிகள் யாரோடு போய்ச் சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

அக்கா போன். "ஏளா, வெள்ளிக்கிழம நானும் வாரேன். ஆபீசர் முன்னால என்ன சீல கெட்டணும்?"

எதுவானாலும் சரி என்றேன்.

"எதுவானாலும்னா நெத்திலி நாத்தத்தோடதான் வருவேன், பாத்துக்கோ."

ஜூலை 8, செவ்வாய்

புள்ளிப் படம் வந்துவிட்டது. இடது பக்கம் கப்பல். கீழே கிட்டங்கி. கரை மணிகள் இரண்டோடும் சேரவில்லை. வலது மேல் மூலையில் தனியாக, நெருக்கமாக. இப்படி ஒரு பிரிவை இதுவரை பார்த்ததில்லை.

வழிகாட்டி சாருக்கு மகிழ்ச்சி. "மூணாவது ஒரு சோர்ஸ் இருக்கும்மா. தனிப் பேப்பரே போடலாம். இப்போதைக்குக் கப்பல் இல்லைன்னு எழுதிரு."

கப்பல் இல்லை. எழுதினேன். அழித்தேன்.

போன மாதம் அக்கா ஊர்க் கரையில் நின்றது நினைவில். மணலில் விரித்த வலைமேல் நெத்திலி காய்கிறது. மீனுக்கு மீன் மணி ஒட்டியிருக்கிறது. கருவாட்டு வியாபாரி குனியக்கூட இல்லை, காலால் தள்ளிப் பார்த்தார். "என்ன ஜெசிந்தா, பாயசம் வைக்கப் போறியோ?" அக்கா விடவில்லை. "ஆமா அண்ணாச்சி, ஒங்க வீட்டு விசேசத்துக்குத்தான்." எல்லோரும் சிரித்தார்கள். கருவாட்டுச் சாக்கு விலைபோகாமல் திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது வாரமாக.

மதியம் சாப்பிடவில்லை. பஜ்ஜி இரண்டு.

ஜூலை 9, புதன்

கரை மணிகளின் வரைபடத்தில் அந்த நீல ஒளிர்வு சரியில்லை. பாலிஎத்திலீனுக்கு இவ்வளவு ஒளிர்வு வராது. காலை முழுக்க வரைபடத்தையே பார்த்துக்கொண்டு.

பதினோரு மணி. புற ஊதா விளக்கைச் சோதிக்கக் கையை நீட்டினேன். என் வெள்ளைக் கோட்டின் கை நீலமாக ஜொலித்தது. ஞாயிறு துவைத்தது. சோப்புப் பொடியில் வெண்மைக்காகச் சேர்க்கும் சரக்கு.

கோட்டு நூல் ஒன்றைப் பிய்த்து மெஷினில் வைத்தேன். வரைபடத்தில் அதே மேடு, அதே இடம்.

போன்.

"அக்கா, அந்த மணியெல்லாம் எப்படி எடுத்தீய?"

"நீ சொன்ன மாதிரிதான். கையுறை போட்டு, நீ தந்த கண்ணாடிப் பாட்டில்ல."

"பாட்டில்ல போடுறதுக்கு முன்னால?"

"முன்னால கழுவுனோம். நாலு பேரும் உக்காந்து, சோப்புப் பொடி போட்டு, ரெண்டு தண்ணி. நீதானளா சுத்தமா வேணும்னு சொன்ன?"

சொன்னேன். ஏப்ரலில், கரையில் ஏற்றி வைத்த படகின் நிழலில் நின்று. சுத்தமா எடுங்கக்கா. ஆய்வகத்தில் சுத்தம் என்றால் எதுவும் படாதது. கரையிலோ, மண் இருக்கிறது என்று சொல்லித்தான் ஒவ்வொரு கருவாட்டுச் சாக்கும் திரும்பி வரும். வெளியே போகிற எதையும் கழுவாமல் அனுப்பமாட்டார்கள்.

"காலேஜுக்குப் போற சாமான். மண்ணோட குடுத்தா ஊருக்குத்தான கேவலம்?"

கழுவாத பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஒண்ணுகூட விடல." குரலில் பெருமை.

மெஷினில் கோளாறு இல்லை. கணக்கிலும் இல்லை. கழுவியதையும் கழுவாததையும் துல்லியமாகப் பிரித்திருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

எத்தனாலில் அலசினேன். மூன்று முறை. நீலம் போய்விட்டது. புள்ளிகள் மூலையை விட்டு நகர்ந்தன. கொஞ்ச நேரம் நம்பிக்கை. ஆனால் எங்கும் போய் உட்காரவில்லை. கப்பலுக்கும் கிட்டங்கிக்கும் நடுவே சிதறல். சோப்போடு சேர்மானங்களையும் எத்தனால் கரைத்துக்கொண்டு போயிருக்கிறது. ஒப்பிடக் கப்பல் மணிகளையும் அலசினேன். அவையும் சிதறின.

பக்கத்து மேஜை முத்து எட்டிப் பார்த்தான். "குளிப்பாட்டியே கொன்னுட்டியேளா."

புதிதாக எடுக்கலாமே?
— மூன்று மாத வெயில். வெயிலிலும் ஒளிர்வு மாறும்.
— மே மழையில் ஓடை பெருகி, கிட்டங்கி மணிகளும் அதே கரையில் கலந்துவிட்டன; அதற்கு முன்னால் வந்தனவா என்பதுதான் கேள்வி. ஊரே பார்த்தது.
— எனவே ஏப்ரல் பாட்டில்கள் மட்டுமே.

சாரிடம் சொன்னேன். நெற்றியைத் தேய்த்தார். "சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு எழுதலாம். யார் கெடுத்தாங்கன்னு கேப்பாங்க. எடுத்தவங்க பேர் லிஸ்ட்ல இருக்குல்ல?"

இருக்கிறது. நான்கு பெயர். முதல் பெயர் ஜெசிந்தா.

என் தவறு என்று எழுதுகிறேன் என்றேன். உண்மையும் அதுதான். சார் கண்ணாடியைக் கழற்றினார். "உன் இஷ்டம்மா."

ஜூலை 11, வெள்ளி

காற்று இன்னும் ஓயவில்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் அக்கா, மாம்பழ நிறச் சேலை, தலை நிறையப் பூ. "நாத்தம் வருதா?" என்று கேட்டுச் சிரித்தார்.

வாசித்தேன். கரை மணிகள் எங்கிருந்து வந்தவை என்று தீர்மானிக்க இயலவில்லை. மாதிரி எடுக்கும் முறையை விளக்கியதில் என் பிழை.

கப்பல் தரப்பு வக்கீல்: "அப்போ எங்களுடையதுன்னு நிரூபணம் இல்லை."

இல்லை.

அக்கா எழுந்துவிட்டார். "ஐயா, பெட்டி ஒடஞ்சு கரை ஒதுங்குன அன்னைக்கு நாங்க பாத்தோம். கணுக்கால் முங்க வெள்ளையா கெடந்துச்சு. மழைக்கு முன்னாலயே."

அதிகாரி நல்லவர்தான். "நீங்க சொல்றது சரிம்மா. ரிப்போர்ட்ல என்ன இருக்கோ அதத்தான் நான் எழுத முடியும்."

எழுதினார்.

பஸ் ஸ்டாண்டு. அக்கா டீ வாங்கிக் கொடுத்தார், வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

"ஏளா. நாங்க கழுவுனதாலயா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"நெசமாத்தான்."

பெரிய மூச்சு விட்டார். "இப்பத்தான் வயித்துல பால வாத்த. போன்ல நீ கேட்டதுலேர்ந்து அதான் ஓடிக்கிட்டே கெடந்துச்சு."

பஸ் வந்தது. படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அடுத்த தடவ இன்னும் நல்லாக் கழுவித் தாரோம்."