மப்புப் போட்ட நாட்கள்

ஏட்டி,

இன்று காலை கோவில்பட்டியில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. தொழிற்சாலையிலிருந்து செய்தி. இரண்டே சொல்: "மப்பு அதிகம்." நிமிர்ந்து பார்த்தேன். மாசி வெயில் போன இடம் தெரியவில்லை, வானம் முழுக்க மூடிக் கிடந்தது. எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல இருந்தது. கொஞ்சம் குதித்தும் விட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். நாம் எழுதிய நிரல் வானத்தைச் சரியாகச் சொல்கிறது என்று அவர்களுக்கு எப்படி விளக்குவது?

கடைசி செமஸ்டரில் அந்தக் கார் தொழிற்சாலையில் நம் இருவருக்கும் இன்டர்ன்ஷிப் கிடைத்ததே, அதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. நான் பஜார் பாத்திரக்கடை வீட்டுப் பெண். நீ நாகலாபுரத்தில் மிளகாய் போடுகிற வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். முதல் நாள், தலைக்குமேல் வெறும் கூடாகக் கார்கள் வரிசையாக ஊர்ந்து போவதைப் பார்த்து என் கையை நறுக்கென்று கிள்ளினாய். "ஏட்டி, நம்ம ரெண்டு பேரயும் நம்பி உள்ள விட்டிருக்காவளே!"

நமக்குக் கொடுத்த வேலை நினைவிருக்கும். சில நாட்களில் மட்டும் கார்கள் மினுக்கம் இல்லாமல் மங்கலாக வந்தன. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயிண்ட் பிரிவில் ஷிப்டுக்கு ஒரு குறிப்பு எழுதுவார்கள். டேப்லெட்டில் ஆங்கில எழுத்துதான் விழும் என்பதால் தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டி வைத்திருந்தார்கள். ஓராண்டுக் குறிப்புகள். நீ முதல் வரியிலிருந்து வாசிக்க உட்கார்ந்தாய். எனக்குப் பொறுமை ஏது? இணையத்தில் கிடைத்த பேச்சுவழக்குச் சொற்பட்டியல் ஒன்றை ஏற்றி, நிரலையே வகை பிரித்து வரைபடம் போடச் சொல்லிவிட்டேன். "வரிய வாசிக்காம படம் போடாதட்டி" என்றாய். நான் போட்டேன். போட்டதோடு நிற்காமல், நீ சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து மேலாளரிடம் காட்டவும் ஓடினேன்.

அவர் சென்னைக்காரர். திரையில் ஒரு பட்டை மட்டும் உயரமாக நின்றது. மங்கலான கார்கள் வந்த நாட்களில் அதிகம் எழுதப்பட்ட சொல்: மப்பு. என் பட்டியல் அதற்குப் போட்ட வகை: மது.

"குடிச்சிட்டா பெயிண்ட் அடிக்கிறாங்க? அதை அவங்களே எழுதி வேற வச்சிருக்காங்களா?" என்று எழுந்தவர், குறிப்பு எழுதிய ஷிப்ட் மேற்பார்வையாளர் அண்ணாச்சியையும் அவருடைய ஆட்கள் ஆறு பேரையும் கூப்பிட்டனுப்பினார். எல்லோரும் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை போய்விடும். "சார், நான் அந்தக் கருமத்தக் கையால தொட்டவன் இல்ல" என்று அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. மப்பு என்று எங்கள் அம்மா சொல்லி ஆயிரம் தடவை கேட்டவள்தான் நான். கம்ப்யூட்டரில் பார்த்ததும் அந்த மப்பு மறந்து சினிமாவில் வரும் மப்புதான் நினைவில் நின்றது. வெட்கக்கேடு.

சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்த நீ திரையைப் பார்த்தாய், வரிசையாக நின்ற ஏழு பேரைப் பார்த்தாய்.

"மப்புன்னா மேகம் சார்! மானம் மூடியிருந்தா எங்க பக்கம் மப்புப் போட்டிருக்குன்னுதான் சொல்லுவோம்."

அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. "அதத்தான சார் எழுதுனேன்! மப்பு நாள்ல காத்து ஈரமா வருது, பெயிண்டு மங்குது."

"சரி, எப்படி நம்புறது?" என்றார் மேலாளர்.

நீ உடனே உங்கள் அப்பாவுக்குப் போன் போட்டாய். மிளகாய் வத்தல் காயப்போடுகிறவருக்கு வானம்தான் முதல் கவலை; மழைக்கும் மப்புக்கும் மாதக் காலண்டரில் குறி போடுகிற பழக்கம் அவருக்கு. ஸ்பீக்கரில் அவர் ஒவ்வொரு தேதியாக வாசிக்க, நான் திரையில் மங்கலான கார்கள் வந்த நாட்களைத் தேடித் தேடி டிக் அடித்தேன். ஐப்பசி பொருந்தியது. கார்த்திகை பொருந்தியது. மூன்றாவது மாதத்தில் மேலாளரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாட்களைத் தவிர எல்லாம் அச்சு அசலாக ஒத்துப்போயின! பெயிண்ட் அறைக்குக் காற்று அனுப்பும் எந்திரத்தின் ஈரப்பதப் பதிவையும் எடுத்துவரச் சொன்னார். அதுவும் அதையே சொன்னது. அவர் எழுந்து அண்ணாச்சியிடம், "தப்பா நினைச்சிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றபோது, நாம் இருவரும் மேசைக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம். வாசிக்காமலே படம் போட்டேன் என்று நீ என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. பஸ்ஸில் மட்டும், "இனிமேயாவது வாசிப்பியா?" என்றாய்.

ஈரம் ஏறுமுன்பே எச்சரிக்கிற நிரலுக்கு நீதான் மப்பு என்று பெயர் வைத்தாய். அது ஓடத் தொடங்கியதைப் பார்க்க நீ இல்லை. ஆடியில் வந்த நான்கு நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. வேலை எனக்குக் கிடைத்தது. பெயரை ஆங்கிலத்தில் மாற்றலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தபோது, நான் வாய் திறப்பதற்குள் அண்ணாச்சி, "அது அந்தப் பிள்ள வச்ச பேரு, இருக்கட்டும்" என்று முடித்துவிட்டார். இப்போது ஒரு வரி விடாமல் வாசித்த பிறகுதான் படம் போடுகிறேன். உன்னிடம் காட்ட முடியவில்லையே என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

இன்னொரு வேலையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். நம் நிரலிலிருந்து மப்பு என்று செய்தி வந்ததும் உங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, "அப்பா, மப்புப் போடுது, வத்தல அள்ளிருங்க" என்பேன். வானம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது உனக்குத் தெரியாதா? இன்றும் தார்ப்பாயை இழுத்து மூடிக் கல் வைக்கிற சத்தம் போனில் கேட்டது. நான் சொல்வதற்கு வெகு முன்பே அள்ளி முடித்துவிட்டார். ஆனாலும் எப்போதும்போலத்தான் சொன்னார்.

"நல்லவேள சொன்ன தாயி. இந்தா, இப்பத்தான் அள்ளப் போறேன்."