வெயிலில் வந்த வெள்ளம்

இன்று காலை அரூர்ப் பாலத்தின் மேல் பஸ் நின்றபோது சன்னல் வழியாகப் புதுவெள்ளத்தின் செம்மண் வாடை வந்தது, பாய். கீழே வாணியாறு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு உங்களிடம் பேச வேண்டும் போல் இருந்தது.

நாம் வேலை பார்த்தது அணை கட்டுவதற்கு முந்தைய காலம். சேர்வராயன் மலையில் பிறந்து, ஒரே நாளில் நடந்துவிடக்கூடிய தூரம் ஓடி, தென்பெண்ணையில் சேர்ந்துவிடும் சின்ன ஆறு. மேலே பாப்பிரெட்டிப்பட்டியில் நீங்களும், கீழே அரூரில் நானும் காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்துத் தண்ணீரின் உயரத்தை எழுத வேண்டும். வேலை அவ்வளவுதான். நீங்கள் மட்டும் வெள்ளம் உங்களைக் கடந்த நேரத்தை எழுதிவைத்துக்கொண்டு, அரூருக்கு எப்போது வந்தது என்று கேட்டு எனக்குக் கார்டு போடுவீர்கள். வேறு வேலை இல்லாத மனிதர் என்று நினைத்துக்கொண்டே பதில் எழுதுவேன். இரண்டு மழைக்காலத்தில் நீங்கள் கண்டுபிடித்தது இது: காய்ந்த மணல் வெள்ளத்தைக் குடித்துக் குடித்துத்தான் விடும், அரூர் வர நாலு மணி நேரம் ஆகும். நனைந்த மணல் என்றால் மூன்றே மணி.

அந்தக் கார்த்திகையில் ஒரு நாள், மதியம் ஒரு மணி இருக்கும், பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தீர்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஆற்றுமணலில் தீர்த்தமலைக்குப் போகும் ஏழெட்டுக் குடும்பங்கள் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தன.

"மலையில பேஞ்ச வெள்ளம் பதினொண்ணே காலுக்கு என்னைத் தாண்டிருச்சுங்க. போன வாரம் பேஞ்சதுல மணல் ஈரமா இருக்குது. ரெண்டே காலுக்கு இங்க வந்துரும்."

இருவருமாகப் போய்ச் சொன்னோம். யாரும் அசையவில்லை. "இந்த வெயில்ல தண்ணி எங்கிருந்துங்க வரும்?" என்று கேட்டாள் சோறு பொங்கிக்கொண்டிருந்த ஒருத்தி. நீங்கள் வாதம் செய்யவில்லை. தோள் துண்டால் அவள் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கரையேறினீர்கள். சோற்றின் பின்னால் அவள் வந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

இரண்டே கால் ஆயிற்று. தண்ணீர் வரவில்லை. இரண்டரைக்கு முணுமுணுப்பு எழுந்தது. குழந்தையோடு ஒருவர் திரும்பவும் மணலில் இறங்கப் போனார். நீங்கள் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அஞ்சு நிமிசம் எனக்காக இருங்க" என்றீர்கள். எனக்கு உங்களை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது. அப்போதுதான் மேற்கே சருகு நொறுங்குவது போலச் சத்தம் கேட்டது. நுரையும் மரக்கிளையுமாக இடுப்பளவு வெள்ளம் வந்து, அவர்களுடைய அடுப்புக்கல் அத்தனையையும் உருட்டிக்கொண்டு போயிற்று.

எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிடம் பிசகிவிட்டது என்று வருத்தப்பட்டீர்கள். அந்தப் பெண் முதல் சோற்றை உங்களுக்குத்தான் போட்டாள். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டீர்கள்.

சாயங்காலம் பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். நான் ஒன்றை ஒப்புக்கொண்டேன். முந்தின ஐப்பசியில் எழுதியனுப்பிய ஒரு நேரம் நான் பார்த்து எழுதியதல்ல. அன்று சினிமாவுக்குப் போய்விட்டு, குத்துமதிப்பாக எழுதினேன்.

"தெரியுமுங்க," என்றீர்கள். "ஆறு அவ்வளவு வேகமா ஓடாது. அதை நான் கணக்குல சேக்கல."

பஸ் வந்தது, ஏறிக்கொண்டீர்கள்.

அதன்பின் ஓய்வு பெறும் வரை, தவறவிட்ட நாட்களில் என் பதிவேட்டில் 'பார்க்கவில்லை' என்றே எழுதினேன். மேலதிகாரிகள் இரண்டு முறை திட்டினார்கள். ஒவ்வொரு முறையும் நிம்மதியாகத் தூங்கினேன், பாய்.