பூசி மறைத்த வெடிப்பு

கோப்பாய்,
புரட்டாதி 9

அன்பு மகள் தர்சினிக்கு,

நானும் அம்மாவும் இங்கே ஏதோ நடமாடித் திரிகிறோம், நீ அந்த வடதுருவக் குளிரில் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்பதே எங்கள் மன்றாட்டம். அம்மாவுக்குப் பிறஷர் குறையவில்லை, கிணறும் வற்றித் தண்ணீர் உவர்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை பிள்ளை. உறைந்த மண்ணில் இரும்புத் தூண் இறக்கி நீ கட்டுவிக்கும் ஆஸ்பத்திரியின் ஒரு மூலையில் மண் இளகுகிறதென்றாய். மண் இளகமுன் எடுத்த பழைய அளவையே போட்டுக் கையெழுத்து வை என்று உன் மேலதிகாரி நெருக்குகிறார், வைக்காவிட்டால் கடல் உறையமுன் வரும் இந்த வருடக் கடைசிக் கப்பலில் சாமான் ஏறாது, அடுத்த கோடைவரை அந்தச் சனத்துக்கு ஆஸ்பத்திரி இல்லை என்றாய். அவர் சொல்கிறபடி செய் என்று நான் சொன்னேன். அது பிழை. ஏன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கைக் கடைசியில் செந்தூரனுக்கு நான் கட்டிய வீடு உனக்குத் தெரியும். அத்திவாரத்துக்கு நாள்கல் வைத்த அன்று சுபநேரம் முடியப் பத்து நிமிடந்தான் இருந்தது. மூன்று மூலையிலும் இரும்பு அலவாங்கால் குத்திப் பாறையைச் சோதித்தேன், சமைக்கிற குசினி மூலையை விட்டுவிட்டேன். இந்த ஊரில் இரண்டடி தோண்டினால் கல்தானே என்ற மேசன் திமிர். கல் இருந்தது, ஆனால் மெல்லிய கல், கீழே வெறும் பொந்து. மூன்றாம் மாரியில் குசினிச் சுவர் வெடித்தது, செந்தூரன் கூப்பிட்டுக் காட்டினான். பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. பெயர் கெட்டுவிடுமென்று, உது சும்மா பூச்சு வெடிப்புத் தம்பி என்று சொல்லிச் சீமெந்து பூசிவிட்டு வந்தேன். பதினேழாம் நாள் மூலை இறங்கிச் சுவர் அவன்மேல் விழுந்தது. மழைதான் காரணம் என்றது ஊர், நானும் தலையாட்டினேன், பாடையில் ஒரு பக்கம் தூக்கியதும் நான்தான்.

நேற்றுக் காலை அவன் மனைவி கீர்த்திகாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் போனேன். மா அரித்துக்கொண்டிருந்தவள் அரிதட்டைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் பூசாமல் விட்டிருந்தா நாங்கள் பயந்து அம்மா வீட்டை போயிருப்பமே என்றாள். அவ்வளவுதான். பிறகு அரிதட்டை எடுத்து மறுபடி அரிக்கத் தொடங்கினாள், நான் படலையைச் சாத்திவிட்டு வந்தேன்.

கப்பல் போனால் போகட்டும். நீ கண்ட அளவையே எழுது, அந்தச் சனத்திடம் நேரே போய்ச் சொல்லு. திட்டுவார்கள், வேலையும் போகலாம், ஏற்றுக்கொள்.

கையுறை போடாமல் வெளியே இறங்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, நல்லூரான் உன்னைக் கைவிடமாட்டான். தபாலுக்கு நாள் செல்லும், இதைப் படமெடுத்துப் போனிலேயே அனுப்புகிறேன். அனுப்பிவிட்டு அம்மாவிடம் சொல்லப்போகிறேன், அவளுக்கு இது ஒன்றும் தெரியாது. நாளைக்கு அவளுக்குக் கட்டாயம் போன் எடு பிள்ளை, என்னோடு கதைக்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தம்பிஐயா