உன் புத்தகத்துக்கு என் ஓட்டு

மேசைமேல் ஒரு அடுக்குப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் பழைய செய்தித்தாளில் அட்டை. மைதா பசையும் அச்சு மையும் கலந்த அந்த வாசனை அறை முழுக்க அடிக்கிறது. நீ இருந்தபோது இந்த வாசனை பட்டாலே எனக்குத் தும்மல் வரும், நீ சிரிப்பாய். இந்த வருஷமும் தும்மல் வந்தது. சிரிக்கத்தான் ஆள் இல்லை.

அட்டை போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நீதான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருக்கும் இந்தச் சின்ன நூலகம், சுற்றுப்பக்கப் பள்ளிகளுக்கு வருஷா வருஷம் பிள்ளைகளுக்கான வரலாற்றுப் புத்தகங்களைப் பொறுக்கி அனுப்புகிறது. கடைக்காரர்தான் செயலாளர். பள்ளி நூலகர் என்று நீ, வரலாற்று டீச்சர் என்று நான். மூன்று பேரில் இரண்டு பேர் சரி என்றால் புத்தகம் போகும். எழுதியவர் பெயரைப் பார்த்து மயங்கக் கூடாது, அட்டைப் படத்தைப் பார்த்தும் மயங்கக் கூடாது என்று, படிப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் மூடச் சொன்னாய். பெயர் போட்ட முதல் தாளையும் சேர்த்து ஒட்டிவிடுவோம். செயலாளர் அலுத்துக்கொள்வார்.

"புடவைய மூடி வெச்சிக்கினு வியாபாரம் பண்ண முடியுமாம்மா?"

"இது உடம்புக்கு இல்ல சார், பசங்க தலைக்குள்ள போறது" என்பாய். அவர் முனகிக்கொண்டே கீழே இறங்கிப் போவார்.

நீ போன பிறகு வந்த முதல் அடுக்கு இது. ஒட்டும் வேலையைக் கடைப்பெண்கள் செய்து கொடுத்தார்கள். நேற்று மதியம் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். நம் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் குளம் வெட்டிய கதை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு. "குளம் நிரம்பினால் மழைக்கு நன்றி சொல்கிறோம். வெட்டியவர்களுக்கு யார் சொன்னது?" என்று இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி. புத்தகத்தை அப்படியே மடியில் வைத்துவிட்டேன். பெயரை ஒட்டி மறைக்கலாம். குரலை எந்தப் பசையால் மறைப்பது? நீ பேசுவது அப்படியே கேட்டது. நீ ஒரு புத்தகம் எழுதினாய் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

சாயங்காலம் உன் வீட்டுக்காரர் ஆட்டோவை ஸ்டாண்டில் போட்டுவிட்டு போன் செய்தார். "டீச்சர், அவ புக்கு வந்துச்சா? எழுதி வெச்சிட்டுப் போயிருந்தா. மெட்ராஸ்ல ஒருத்தரு அச்சுப் போட்டுக் குடுத்தாரு. ஸ்கூலுக்கெல்லாம் போகும்ல டீச்சர்?"

"என்கிட்ட ஏண்ணா சொல்லவே இல்ல?"

"நானும் அவகிட்ட கேட்டேன். 'வேணாம், அவ என் கேள்வியையே எங்கிட்ட திருப்பிக் கேப்பா'ன்னு சொன்னா."

உன் கேள்வி எதுவென்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாம் ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் நான் என்று மாற்றி மாற்றி வாய்விட்டுப் படிப்போம். கீழே கடையில் 'வாங்கம்மா வாங்க' என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் படிக்கும்போது திடீரென்று கையை நீட்டி நிறுத்துவாய். "யாருப்பா பாத்தா?" என்பாய். கல்லில் இருந்தால் கல்லில் இருக்கிறது என்று எழுத வேண்டும். ஊரில் சொல்கிறார்கள் என்றால் அப்படி எழுத வேண்டும். கற்பனை என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். எது எது என்று படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த விஷயத்தில் நீ ஒரு பிசாசு. மன்னர் ஆண்டபோது ஊரில் பசி என்ற பேச்சே இல்லை என்று எழுதிய ஒருவரைப் பிடித்துக்கொண்டு, "பசியே இல்லன்னா அவ்ளோ பெரிய கல்ல இழுக்க எவன் வந்தான்?" என்று அன்று முழுக்க என்னைச் சிரிக்க வைத்தாய்.

அந்தக் கேள்வியோடு உன் புத்தகத்தைப் படித்தேன். முக்கால்வாசி தங்கம். மண்வெட்டி எப்படி இருந்திருக்கும், மண்ணை எப்படிக் கரையேற்றினார்கள், மழை முந்திக்கொண்டால் என்ன ஆகும் என்று எல்லாம் எழுதி, இது தெரியும், இது தெரியாது, இது என் ஊகம் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவதுபோல் சொல்லியிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு புத்தகம் நம் மேசைக்கு வரவில்லை. பெருமையாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. அப்புறம் வெள்ளச்சி வந்தாள்.

சேரியிலிருந்து மண் சுமக்க வந்த சிறுமி. கரை உடையப் போவதை முதலில் பார்த்து ஊரை எழுப்புகிறவள். அவளுக்கு நன்றியாக ஊர்ச்சபை அவள் பெயரைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தது என்று எழுதியிருக்கிறாய். 'இன்றும் அந்தக் கல்வெட்டில் அவள் பெயரைப் படிக்கலாம்.' ஊகம் என்று சொல்லவில்லை. ஊரில் சொல்கிறார்கள் என்றும் சொல்லவில்லை.

இருந்துவிடக் கூடாதா என்று எப்படி வேண்டிக்கொண்டேன் தெரியுமா? எனக்குத் தெரியாமல் எங்காவது ஒரு மூலைச் சுவரில் அவள் இருக்கட்டும், நான் மட்டும் முட்டாளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று. இன்று காலை முதல் வேலையாக, அந்தக் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் போட்ட தொகுதியை அலமாரியிலிருந்து இறக்கி வரி வரியாகப் பார்த்தேன். நிலம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். விளக்கு நெய்க்கு ஆடு விட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லை காட்டி நடந்தவர்கள் இருக்கிறார்கள். மாகறல் பக்கம் நிலம் நீச்சு என்று வாழ்ந்த என் ஆட்களைப்போல உள்ளவர்கள் எல்லாரும் பேரோடும் ஊரோடும் நிற்கிறார்கள். வெள்ளச்சி இல்லை. உங்கள் ஆட்கள் வருவது ஒரே இடத்தில்தான். இந்த நிலத்துக்கு மேற்கு எல்லை சேரி. அவ்வளவோடு சரி.

உனக்கும் அந்த வரி தெரியும். திருப்புட்குழிப் பக்கத்துப் பள்ளிக்கு நாம் புத்தகம் கொண்டுபோன நாள் ஞாபகம் இருக்கிறதா? ராஜா, மந்திரி, சிற்பி என்று நான் வாய் வலிக்கப் பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்தாள். என்னைக் கேட்கவில்லை, உன்னைத்தான் பார்த்துக் கேட்டாள்.

"மிஸ், அப்போ நாங்கல்லாம் எங்க மிஸ் இருந்தோம்?"

"தேடிப் பாத்து சொல்றேன்மா" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பாதி வழி தாண்டுவதற்குள் உன் கண் சிவந்துவிட்டது.

"கல்லுல இருக்கறோம்பா. எல்லையா இருக்கறோம். அத அந்தப் பொண்ணுகிட்ட எப்டிபா சொல்றது?"

அடுத்தவர் வயலில் வரப்புக்கு அண்டை வெட்டியே தேய்ந்துபோன அப்பாவின் மகள் நீ. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக மட்டும் அவருக்கு வெள்ளைச் சட்டை இருந்தது என்று சொல்லியிருக்கிறாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்குச் சொன்ன வாக்கைக் காப்பாற்றத்தான் வெள்ளச்சி வந்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

மதியம் செயலாளர் மேலே வந்தார். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. "அம்மா புக்குக்கு நான் சரின்னு போட்டுட்டேன் டீச்சர். நீங்களும் போட்டா முடிஞ்சிச்சு" என்றார். அப்படியே இன்னொரு புத்தகத்தையும் என் பக்கம் நகர்த்தினார். அதே பசியில்லாத மன்னர், புது அச்சில், புது வண்ணத்தில். நாம் இரண்டு பேரும் சேர்ந்து திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது.

"எழுதுனவரு நமக்கு வேண்டியவரு. இதயும் இந்த வாட்டி விட்டுடுங்க."

"சார், இது முழுக்கக் கத."

"அம்மா புக்குல மட்டும் இன்னா? அந்தப் பொண்ணு கல்வெட்டுல இருக்குதா? நானும் படிச்சேன் டீச்சர். உங்க ஆளு எழுதினா கத, எங்க ஆளு எழுதினா பொய்யா?"

அவர் கெட்டவர் இல்லை என்று உனக்குத் தெரியும். இந்த மாடியை வாடகை வாங்காமல் கொடுத்திருக்கிறார். நம் வாயிலிருந்து வந்த கேள்வியையே எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, 'யோசிச்சு சொல்லுங்க' என்று இறங்கிப் போனார்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். உன்னை உள்ளே விட்டால் மன்னரை எந்த முகத்தோடு வெளியே நிறுத்துவது? இரண்டு பேரையும் நிறுத்தினால், நிலக்காரர் வீட்டுப் பொம்பளை சேரிக்காரி புத்தகத்தைத் தள்ளிவிட்டாள் என்று நாளைக்கு ஊர் பேசும். பேசட்டும், அதில் பாதி நியாயமும் உண்டு. வேறு யாராவது எழுதியது என்றால், 'அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி அனுப்புங்கள், மறுபடி பார்க்கிறோம்' என்று எழுதிப் போடுவோம். உனக்கு எந்த விலாசத்துக்கு எழுதுவது? ஒரு சீட்டு அச்சடித்து அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அந்த வழியையும் நீயே அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். "ஒட்டுன சீட்டத்தான் பசங்க மொதல்ல பிப்பாங்க" என்று வேறு ஒருவர் புத்தகத்துக்குச் சொன்னது நீதானே. உன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. செத்தவள்மேல் ஆத்திரப்படுவது எவ்வளவு வேண்டாத வேலை!

திருப்புட்குழிப் பள்ளியில் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். அவள் வெள்ளச்சியைப் படிப்பாள். நெஞ்சை நிமிர்த்துவாள். ஒரு நாள் அந்தக் கோயிலுக்குப் போய் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து தேடுவாள். வேறு யாருக்கும் தேடத் தோன்றாது, அவள் மட்டும் கட்டாயம் தேடுவாள். இல்லை என்று தெரிகிற அன்றைக்கு, உன் புத்தகத்தில் உண்மையாக இருக்கிற மண்வெட்டியும் மண் சுமந்த தலைகளும் சேர்ந்து அவளுக்குப் பொய்யாகிவிடும். இரண்டு புத்தகத்துக்கும் 'வேண்டாம்' என்று எழுதினேன். அந்தப் பள்ளி அலமாரியில் இந்த வருஷம் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். அவளுக்குச் சொல்ல என்னிடமும் பதில் கிடையாது. அடுத்த வாரம் மற்றப் புத்தகங்களோடு நான்தான் அங்கே போக வேண்டும்.

உன் வீட்டுக்காரரை வரச் சொல்லி நேரிலேயே சொன்னேன். போனில் சொல்ல மனம் வரவில்லை. காக்கிச் சட்டையோடு வந்து, நீ உட்காரும் நாற்காலியில் உட்காராமல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு கல்லுல இல்லியா டீச்சர்?"

"இல்லண்ணா. நல்லா தேடிட்டேன்."

உன் புத்தகத்தை எடுத்து அட்டையைத் தடவினார். பிறகு, "அவளே இங்க உக்காந்துக்கினு இருந்தா இன்னா எழுதியிருப்பா?" என்று கேட்டார்.

"வேணாம்னுதான் எழுதியிருப்பா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடுத்தவங்க புக்குன்னா எழுதியிருப்பா. அவ புக்க நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா, மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு பேசவே மாட்டா. எங்கிட்ட அப்டித்தான் இருப்பா. கொஞ்ச நாள் கழிச்சு அவளே வந்து 'சாப்டியா'ன்னு கேப்பா. அவ்ளோதான், சண்ட தீந்துச்சு." புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது.

இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒரு நாள்கூடக் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்ததில்லை. அதனால் உன்னுடைய அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இனிமேல் நான் வைத்துக்கொள்ளப் போவது அதைத்தான். யார் கேட்டாலும் நீ போய்விட்டாய் என்று சொல்கிறேன். எனக்குள் மட்டும், என் ஓட்டு பிடிக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாய். நீயாக வந்து சாப்டியா என்று கேட்கிற வரைக்கும் நானும் இங்கேயேதான் இருப்பேன்.