பச்சைக் கரைக்காரர்கள்

என் அன்பு மாப்பிள்ளை ஏகாம்பரத்துக்கு,

நீ இருக்கும் ஊருக்குத் தபால் போகுமா என்று தெரியவில்லை. அதனால் இதைக் கோயில் விழா மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். யாராவது சத்தமாகப் படித்தால் உன் காதில் விழாதா?

ஆமாம், நானேதான் எழுதுகிறேன்! முதியோர் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டப் பழகிவிட்டேன். ஒரு வரி முடித்து நிமிர்வதற்குள் டீ ஆறிவிடுகிறது. உன் வீட்டுக்காரி, என் தங்கை வள்ளி, "இன்னாண்ணே, கடுதாசி எழுதுறியா, தறிக்குப் பாவு நீட்டுறியா?" என்று கேலி செய்துகொண்டு போகிறாள்.

முதலில் சேதி. உன் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள் மாப்ள! நியூசிலாந்துக்கே போய், அவர்கள் மண்ணிலேயே. இதற்குமுன் ஒருமுறைகூட அங்கே தொடரை ஜெயித்ததில்லையாம். நூலகத்துப் பத்திரிகையில் ஒரு மூலையில் இரண்டே வரி. புதிதாகப் படிக்கக் கற்றவன் எதையும் விடுவதில்லை. பல்பொடி விளம்பரத்தையும் படித்து முடித்துவிட்டு அதற்கு வந்தேன். 'ரக்பி' என்ற அந்தப் பந்தாட்டத்தின் பெயரைப் பார்த்ததும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

புடவை மூட்டையோடு நீ கொழும்புக்குப் போன வருடம் நினைவிருக்கிறதா? கடைக்காரர் உன்னை ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனார். நியூசிலாந்தில் தோற்றுவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஆட்டக்காரர்கள், வழியில் இறங்கி அங்கே ஒரு ஆட்டம் ஆடினார்கள். நீ திரும்பி வந்து சொன்னதெல்லாம் அவர்கள் கட்டியிருந்த நிறங்களைப் பற்றித்தான். ஒருவரோடொருவர் மோதும் நான்கு நாட்டு வெள்ளைக்காரர்கள், சில வருடத்துக்கு ஒருமுறை ஒரே அணியாகக் கப்பலேறுகிறார்கள். ஒரு நாட்டின் சிவப்பு சட்டையில், இன்னொன்றின் வெள்ளை அரைக்கால்சட்டையில், மூன்றாவதன் நீலம் காலுறையில், நான்காவதன் பச்சை அந்தக் காலுறையின் மடிப்பில்.

"மச்சான், கடல் வெயில் அடிக்குது. எல்லாரும் குனிஞ்சி, தோளோட தோள் கோத்துக்கினு, தலைய உள்ள வுட்டுத் தள்றானுங்க. எவன் எந்த ஊருன்னு யாரு கண்டா? பச்சைக்காரனுக்குத்தான் பெரிய மரியாத. கரைய அவனுக்குக் குட்த்திருக்கானுங்க பாரு!"

அங்கே கேட்ட இன்னொரு கதையையும் அடிக்கடி சொல்வாய். முதன்முதலாக அப்படிக் கப்பலேறிப் போன அணியின் தலைவர் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆற்றில் படகு விடப் போய் மூழ்கிவிட்டார். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, மற்றவர்கள் மிச்ச ஆட்டங்களை ஆடி முடித்துத்தான் ஊர் திரும்பினார்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அவர் கல்லறையைப் பார்த்துக்கொள்கிறார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் நெய்துகொண்டிருக்கும் உன் கையில் நாடா நின்றுவிடும். ஏன் நின்றது மாப்ள? நான் கேட்கவே இல்லை.

நம் நான்கு தெருக்காரர்களும் முருகனைத் தூக்கும் அழகு உனக்குத் தெரியும். தெரு முனைக்குத் தெரு முனை தோள் மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் சண்டை. நடுத்தெருக்காரன் சுவாமியைத் தூக்கும் தண்டைக் கொடுக்கமாட்டான், கீழத்தெருக்காரன் பிடுங்குவான், சுவாமி முனையில் ஆடிக்கொண்டு நிற்பார். "நாலு தெருவுலயும் ஆள் எடுத்து, உயரம் பாத்து நிக்கவச்சி, ஒரே உடுப்பு போட்டுத் தூக்கலாம்பா" என்று நீ சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். "வெள்ளக்காரன் பந்தாட்டத்தக் கொண்டாந்து சாமி தோள்ல ஏத்துறான் பாரு!" என்றார்கள். நீ போய்ச் சேரும்வரை அது நடக்கவில்லை.

போன வருடப் பங்குனியில், முனையில் நடந்த இழுபறியில் சுவாமி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, விழவில்லை. மறுநாள் கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இனிமேல் புறப்பாடே வேண்டாம் என்று பேச்சு வந்தது. அப்போது எழுந்து உன் யோசனையைச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தூக்குகிற ஒவ்வொருவன் உடுப்பிலும் நான்கு தெருவும் இருக்கும்: மேலத்தெருவுக்குச் சிவப்பு இடுப்புத் துண்டு, நடுத்தெருவுக்கு வெள்ளை வேட்டி, கீழத்தெருவுக்கு நீலத் தலைப்பாகை. கிணற்றுத்தெருவுக்கு வேட்டியில் பச்சைக் கரை.

கிணற்றுத்தெரு கோவிந்தன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். "எங்களுக்கு மட்டும் கரையா? நாங்க இன்னா மிச்ச சொச்சமா? வாங்கடா போலாம்!"

எல்லாம் அத்தோடு கலைந்திருக்கும். என் வாயில் நீ வந்து உட்கார்ந்தாய். "யோவ் கோவிந்தா, நீயும் நெய்யறவன்தானே? பொடவைய விரிச்சா பொம்பளைங்க மொதல்ல எதப் பாப்பாங்க?"

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "கரையத்தான்" என்றான். பிறகு உட்கார்ந்து, "அப்ப நாலு விரக்கட அகலமாப் போடணும், சொல்லிட்டேன்" என்றான்.

இந்த வருடப் பங்குனியில் முருகன் புறப்பட்டார் மாப்ள. ஒரு முனையிலும் நிற்கவில்லை. தோளோடு தோள் கோத்து, குனிந்து, ஒரே மூச்சாக வந்தார்கள். தீவட்டிப் புகையில் எவன் எந்தத் தெரு என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கணம் புழுதி மணம் போய்க் கடல் மணம் அடித்தது. தண்டுக்கடியில் சிவப்புச் சட்டைகள் அசைந்து வருவது போலிருந்தது. முன் தண்டில் இடது பக்கம், உன் இடத்தில், உன் மகன் நின்றான். நீ எங்கே நின்று பார்த்தாய்?

இன்னொன்று. அந்த வெற்றிச் சேதிக்குப் பிறகு ஒரு வாரப் பத்திரிகையின் கேள்வி பதிலில் அந்த உடுப்பைப் பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். பச்சைக்காரர்களுக்கு முதலில் நிறமே இல்லையாம். மூன்று நாட்டு நிறமும் இருக்கிறதே, எங்களுடையது எங்கே என்று அவர்கள் முறையிட்ட பிறகுதான் காலுறையில் பச்சை வைத்தார்களாம். மரியாதைக்காக வைத்ததல்ல, மனத்தாங்கல் தீர வைத்தது. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். நெய்கிறவன் கண்ணால் பார்த்துவிட்டாய் நீ. கிணற்றுத்தெருக்காரர்கள் இதைப் படிக்கட்டும், பரவாயில்லை. அந்தக் கரையை இனி யாரும் அவர்களிடமிருந்து வாங்க முடியாது. கோவிந்தன் போன வாரமே அடுத்த வருடத்துக்குப் பாவு ஏற்றிவிட்டான்.

மிச்ச ஆட்டத்தை நாங்கள் ஆடிக்கொண்டிருக்கிறோம் மாப்ள. ஒவ்வொரு பங்குனியிலும் சுவாமி உன் வீட்டு வாசலைக் கடக்கும்போது தோளிலிருந்து இறக்காமல் ஒரு நொடி நிற்கச் சொல்வேன். அவர்கள் எங்கே ஆடினாலும், ஜெயித்தாலும் தோற்றாலும், மூலையில் இரண்டு வரி வந்தால் போதும், படித்து உனக்கு எழுதுவேன்.

இப்படிக்கு,
உன் கூடவே ஒரு தறியில் உட்கார்ந்தவன்,
வள்ளியின் அண்ணன், உன் மச்சான்
கன்னியப்பன்