முழங்கால் அளவு

மவுண்ட் ஆல்பர்ட், ஓக்லாந்து
2025 ஓகஸ்ட் 5

அன்பு மகள் ராகவிக்கு,

நானும் அம்மாவும் நலம். டனீடன் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? போனில் கேட்கலாம்தானே என்பாய். இருபது வருடம் தபாலதிபராக இருந்தவனுக்குப் போனில் வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் வருவதில்லை. பொறுத்துக்கொள்.

நீ சொன்னபடி சனிக்கிழமை தம்பி யசீகரனுடன் நியூ லினுக்குப் போய், ஸ்கொட்லாந்து ஆண்கள் முழங்கால்வரை கட்டும் கில்ட் வாடகைக்கு விடும் கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரப் பெண்மணி பொறுமையானவர். மாப்பிள்ளை ஹேமிஷ், அவருடைய அப்பா, அண்ணன், உன் தம்பி ஆகிய நால்வருடைய அளவுகளையும் படிவங்களில் எழுதி, இரண்டு தரம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டேன். இடுப்பு என்று அவர்கள் சொல்வது நாம் காற்சட்டை போடும் இடம் அல்ல, தொப்புளாம். முதலில் நான் பிழையாக எழுதி, பிறகு திருத்தினேன். மடிப்புகள் பின்பக்கம் வரவேண்டும். உன் தம்பி சேலைக் கொசுவம் போல முன்னுக்கு வைத்துக் கட்டிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு சந்தேகம். வலது காலுறைக்குள் சிறு கத்தி ஒன்று செருகுவார்களாம். உண்மைக் கத்தியா? அதற்குப் பொலிஸ் அனுமதி வேண்டாமா? நன்றாக விசாரித்து எழுது.

அம்மா கேட்கச் சொன்னா: "கலியாண வீட்டில ஆம்பிளையள் பாவாடையோட நிண்டா, நாங்கள் என்னத்தைக் கட்டிக்கொண்டு வாறது?"

என்னுடைய படிவம் இன்னும் முடியவில்லை. அவசரம் இல்லைத்தானே?

அன்புடன்,
அப்பா


டனீடன்
ஓகஸ்ட் 14

அன்புள்ள அப்பா,

கடிதம் கிடைச்சது. என்ரை எழுத்துப் பிழையளுக்குச் சிவப்புக் கோடு போடாதேங்கோ. ஏழு வயசில இங்க வந்த பிள்ளைக்கு இது பெரிய காரியம்.

கத்தி பிளாஸ்டிக். ஜெயிலுக்குப் போக மாட்டியள். அம்மாவுக்குச் சொல்லுங்கோ, நான் கூறைச் சேலைதான், பயப்பிட வேண்டாம் எண்டு.

காலமை கோயிலில தாலி. அதில நீங்கள் வேட்டியோட. பின்னேரம் மண்டபத்தில நீங்கள் என்ரை கையைப் பிடிச்சு நடந்து வரவேணும், கில்ட்டோட. ஹேமிஷின்ரை குடும்பத்துக்கெண்டு ஒரு கட்டத் துணி இருக்கு. அதை வெளி ஆளுக்குக் குடுக்க மாட்டினம். உங்களுக்குத் தரவேணும் எண்டு அவரின்ரை அப்பாதான் கேட்டவர். எனக்கு அது பெரிய சந்தோஷம்.

செப்டெம்பர் 12க்குப் பிறகு கடை அளவு எடுக்காதாம். உங்கட படிவத்தைக் கெதியாக் குடுங்கோ.

அன்பு மகள்,
ராகவி


மவுண்ட் ஆல்பர்ட்
ஓகஸ்ட் 21

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஹேமிஷின் தகப்பனார் அப்படிக் கேட்டது பெரிய மனது. அவருக்கு என் நன்றியைச் சொல்.

நான் யோசித்துப் பார்த்தேன். நவம்பரில் இங்கே காற்று பலம். என் கால் நரம்புகளும் முன்போல இல்லை. அதோடு என் உயரத்துக்கு அந்த உடுப்பு அழகாக இராது. உன் பட்டமளிப்புக்குத் தைத்த சாம்பல் நிறக் கோட் சூட் புதிது போலவே இருக்கிறது. அந்தக் கட்டத் துணியில் ஒரு கழுத்துப் பட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்தால் போதாதா? கடையில் இருக்கிறதாம். கேட்டுவிட்டேன்.

இதைப் பெரிதாக எடுக்காதே. நான் எழுதியதில் ஏதும் பிழை இருந்தால் மன்னித்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


டனீடன்
ஓகஸ்ட் 29

அப்பா,

யசீகரன் நேற்று எல்லாம் சொன்னவன். நீங்கள் எழுதாமல் விட்டதை.

நீள அளவு பார்க்க முழந்தாளில இருக்கச் சொன்னவையாம். துணி நிலத்தில முட்டுதோ எண்டு பார்க்கிறதுக்கு. நீங்கள் இருந்திட்டு, ரெண்டு கையையும் தலைக்குப் பின்னால கட்டினீங்களாம். பகிடி விடுறியள் எண்டு நினைச்சு அவன் சிரிச்சவன். பிறகு உங்கட முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிப்பாட்டினவனாம். அந்தப் பொம்பிளை "கை தேவையில்லை சேர்" எண்டு சொன்ன பிறகும் நீங்கள் கையை எடுக்கேல்லையாம். பிறகு எழும்பி, வெளியில போய் பஸ் தரிப்பிடத்தில இருந்தீங்களாம்.

அப்பா, எனக்கு விளங்கேல்லை. அதால நானே ஒண்டை நினைச்சுக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறன். ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்தின்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டு சனத்துக்கு முன்னால நிக்க உங்களுக்கு விருப்பமில்லை. முகத்துக்கு நேர சொல்ல ஏலாமல் காற்று, நரம்பு எண்டு எழுதுறியள். அப்படியெண்டால் நேரடியாச் சொல்லுங்கோ. நான் தம்பியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு வருவன். நீங்கள் பின்னால இருந்து பாருங்கோ.

ராகவி


மவுண்ட் ஆல்பர்ட்
செப்டெம்பர் 3

அன்பு மகள் ராகவிக்கு,

ஹேமிஷ் நல்ல பிள்ளை. அவரிலோ அவர் குடும்பத்திலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை முதலில் எழுதுகிறேன், மிச்சத்தை நீ படிக்காமல் விட்டாலும் இது உன்னிடம் சேரவேண்டும்.

1986ஆம் ஆண்டு, வைகாசி மாதம். ஒரு கணக்கறிக்கை கொடுப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனேன். வழியில் சோதனைச் சாவடி. ஆண்களை மட்டும் இறக்கி, வெயிலில் வரிசையாக முழந்தாளிடச் சொன்னார்கள். கைகள் தலைக்குப் பின்னால். ஆயுதப் பயிற்சியில் நிலத்தில் ஊர்ந்தவர்களுக்கு முழங்காலில் தழும்பு இருக்குமாம். அதைத்தான் தேடினார்கள்.

என் இடது முழங்காலில் தழும்பு இருந்தது. முந்திய வருடம் தபால் பையுடன் சைக்கிளில் விழுந்து ஏற்பட்டது. யார் அதை நம்பப் போகிறார்கள்?

எனக்கு இடது பக்கத்தில் என் வயதுக்காரர் ஒருவர் முழந்தாளில் இருந்தார். சாரம் கட்டியிருந்தார். நான் உத்தியோகத்துக்குப் போகும் நீளக் காற்சட்டை. சிப்பாய் வரிசையில் வந்துகொண்டிருக்கும்போது அவர் மெல்லக் கேட்டார்: "அண்ணை, உங்களுக்கும் இருக்கோ?"

நான் "இல்லை" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று முப்பத்தொன்பது வருடமாக யோசிக்கிறேன். ஓம் என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு பயனும் இருந்திராது. தான் தனியே இல்லை என்றாவது நினைத்திருப்பார். அவ்வளவுதான். அந்த அவ்வளவையும் நான் கொடுக்கவில்லை.

சிப்பாய் தடியால் அவருடைய சாரத்தைத் தூக்கிப் பார்த்தான். "மாடு இடிச்சது சேர், மாடு இடிச்சது" என்றார். அவரை எழுப்பிக் கொண்டுபோனார்கள். என்னிடம் வந்தவன் சட்டைப்பையில் இருந்த தபால் திணைக்கள அடையாள அட்டையைப் பார்த்தான். காற்சட்டையைச் சுருட்டச் சொல்லவில்லை.

பஸ் புறப்பட்டது. அவருடைய பை ஆசனத்திலேயே இருந்தது. வவுனியாவில் நடத்துநர் அதை இறக்கித் தூணோரம் வைத்தார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊரும் தெரியாது. எத்தனையோ ஆயிரம் கடிதங்களைச் சரியான வீட்டுக்கு அனுப்பிய எனக்கு, இந்த ஒன்றை யாருக்கு எழுதுவதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து நான் சாரம் கட்டியதில்லை. வேட்டிக்குக் கீழேயும் நீளக் காற்சட்டை போடுவது, அம்மா உங்களுக்குச் சொன்னதுபோல, குளிருக்காக அல்ல. அம்மாவுக்குச் சைக்கிள் கதை மட்டும்தான் தெரியும்.

இப்போது எனக்கு என்ன பயம் தெரியுமா? தழும்பு தெரிவது மட்டும் அல்ல. கடையில் என் கைகள் என்னைக் கேட்காமலே போயின. மண்டபத்தில் இருநூறு பேர் எழுந்து என்னைப் பார்க்கும்போது, முழங்கால் வெறுமையாக இருக்கும்போது, உன் கையை விட்டுவிட்டு அவை மேலே போனால்? உன் கலியாண நாளில் நான் அதைச் செய்துவிட்டால்?

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் நான் குறை நினைக்க மாட்டேன். பின்வரிசை எனக்குப் போதும்.

அப்பா


டனீடன்
செப்டெம்பர் 6

அன்புள்ள அப்பா,

உங்கட கடிதத்தை வரி வரியா இங்கிலீஷில மாத்தி ஹேமிஷுக்கு வாசிச்சுக் காட்டினன். அவர் கேட்டு முடிச்ச பிறகு எழும்பிப் போய்க் கடைக்குப் போன் பண்ணினார். அதே கட்டத் துணியில நீளக் காற்சட்டையும் இருக்காம் அப்பா. அவையின்ரை ஊர் வழக்கம்தானாம், பிழையில்லையாம். அவரின்ரை அப்பாவும் ஓம் எண்டிட்டார். நீங்கள் ஒரு சொல் சொன்னால் ஐஞ்சு பேருமே நீளக் காற்சட்டை.

சின்ன வயசில மிஷன் பே கடற்கரையில எல்லா அப்பாமாரும் ஷோர்ட்ஸோட நிக்க, நீங்கள் மட்டும் காற்சட்டை நனைய நனைய என்னைத் தண்ணிக்குள்ள பிடிச்சுக்கொண்டு நிண்டீங்கள். எனக்கு வெட்கமா இருந்தது. தள்ளி நில்லுங்கோ எண்டு சொன்னனான். அது எனக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கும் இருக்கும்.

பின்வரிசைக் கதை இனி வேண்டாம். நீளமோ கட்டையோ, உங்கட கைதான்.

உங்கட மகள்,
ராகவி


மவுண்ட் ஆல்பர்ட்
செப்டெம்பர் 10

அன்பு மகளுக்கு,

கடிதம் நேற்று வந்தது. கடைக்கு இன்று நேரில் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் கதவைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, அம்மாவிடம் உன் கடிதத்தையும் என் கடிதத்தின் பிரதியையும் கொடுத்தேன். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அளவு நாடா எங்க?" என்று மட்டும் கேட்டா.

முன்னறையில் முழந்தாளிட்டேன். கைகள் மேலே போயின. அம்மா என் வலது கையைப் பிடித்துக் கீழே இழுத்து, நாடாவின் மேல்நுனியைத் தந்தா. "இதைத் தொப்புளில பிடியுங்கோ." பிறகு இடது கையையும் இழுத்தா. "இதால சுவரைப் பிடியுங்கோ, விழப்போறியள்." நாடாவின் மற்ற நுனியை நிலத்தில் அழுத்திக்கொண்டு அவவும் என் முன்னால் முழந்தாளில்தான் இருந்தா. எழும்ப இருவருக்கும் கதிரை தேவைப்பட்டது.

நீளம் இருபத்திரண்டரை அங்குலம். கால் அங்குலம் முன்பின் இருக்கலாம். அளவெடுத்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை, அன்னபாக்கியம் என்று எழுதியிருக்கிறேன். கில்ட் என்ற கட்டத்தில்தான் புள்ளடி போட்டேன். அது கோட்டுக்கு வெளியே போய்விட்டது. விளங்கியதா என்று கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். விளங்கியது என்றார். ஹேமிஷும் மற்றவர்களும் கில்ட்டே போடட்டும்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நவம்பர் 15க்கு இன்னும் அறுபத்தாறு நாள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் எண்ணுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உள்ளே வரும்போது நீ எனக்கு இடது பக்கத்தில், அன்று அவர் இருந்த பக்கத்தில், நடந்து வா. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள். மேலே போகப் பார்த்தால் விடாதே.

அன்புடன்,
அப்பா