டிராக்டர் நிறுத்த ஓர் இடம்

அக். 11, சனி

வெயில். புழுக்கம். மழை வரும் வரும் என்கிறார்கள், வரவில்லை.

டிராக்டர் மூன்று நாட்களாக எங்கள் வீட்டு வாசலில், தெருவிலேயே. இதுவரை ஊருக்கு வெளியே, சேதராப்பட்டில் அப்பாவின் நண்பருடைய மனையில் நின்றது. அவர் மனையை விற்றுவிட்டார். அப்பா அந்தப் பக்கத்துக் கிராமங்களில் வாடகைக்கு உழுகிறவர். இப்போது தினமும் இங்கிருந்து ஓட்டிக்கொண்டு போய் வருகிறார். முதல் ராத்திரியே பேட்டரி திருட்டு. குப்பை வண்டிக்காரர் தெருவில் நுழைய முடியாமல் தினமும் ஹாரன் அடிக்கிறார்.

அம்மா ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒண்ணு ஷெட்டு கட்டுங்க. இல்ல வித்துடுங்க. நோயாளியயும் நான்தான் பாக்கணும், வந்து ராத்திரியில வண்டியயும் நான்தான் பாக்கணுமா?"

அப்பா: "வித்துட்டு?"

அம்மா: "கம்பெனில செக்யூரிட்டிக்கு ஆள் கேக்கறாங்கன்னு நீங்கதான சொன்னீங்க."

அப்பா சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். பிசையவில்லை. பார்க்க முடியவில்லை எனக்கு. "ஷெட் பிளான் நான் போடறேன்பா" என்று சொல்லிவிட்டேன்.

"போடு பாப்பா. இஞ்சினியர் ஃபீஸு எவ்ளோ?"

மழைக்குள் இடம் கிடைக்காவிட்டால் விற்பது நிச்சயம். அம்மா முகத்திலேயே தெரிகிறது.

அக். 12, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் டிராக்டரை அளவெடுத்தேன். அம்மாவின் தையல் டேப்தான். அது ஐந்தடியில் தீர்ந்துவிடுகிறது, ஒவ்வொரு முறையும் சாக்பீஸால் கோடு போட்டு மறுபடி.

நீளம்: பதினொன்றரை அடி.
அகலம்: பின் சக்கரத்தின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு, ஆறடி.
உயரம்: நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் வரை, ஏழரை.
தனியாக இடம் வேண்டியவை: ரொட்டவேட்டர் (பின்னால் மாட்டி மண்ணைப் பொடியாக்குவது), கலப்பை, டீசல் கேன், கிரீஸ் டப்பா, மண்வெட்டி.

இன்று தெரிந்துகொண்டது: பின் டயருக்குள் காற்று மட்டும் இல்லை, தண்ணீரும் இருக்கிறது! எடைக்காக. சேற்றில் வழுக்காமல் இருக்க. இத்தனை வருடமாக அந்த மட்கார்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன், காலடியில் தண்ணீர் சுற்றுவது தெரியாது. டயர் பட்டைகள் ஏன் அம்புக்குறி போல் சாய்ந்திருக்கின்றன என்று கேட்டேன்.

"சேத்த வாரி கக்கறதுக்கு. நேரா இருந்தா அப்படியே அப்பிக்கும்."

சாயங்காலம் கிராஃப் தாளில் பிளான். இடம் வீட்டுக்குப் பின்னால், முருங்கைக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில். கூரை எங்கள் பக்கமே சாய்கிறது, பக்கத்து வீட்டில் தண்ணீர் விழுந்தால் சண்டை வரும். கிழக்கே ஒரு ஜன்னல். மண்வெட்டி மாட்ட ஆணிகள் வரைக்கும் வரைந்தேன். அழகாக வந்திருக்கிறது. நானே மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

அக். 13, திங்கள்

அவமானம்.

அப்பா பிளானைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சூப்பரா இருக்கு பாப்பா. வண்டிய ஹெலிகாப்டர்ல எறக்கலாமா?"

சந்து! வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவில் இருக்கும் சந்து வழியாகத்தான் பின்னால் போக முடியும். அதை நான் அளக்கவேயில்லை. ஓடிப்போய் அளந்தேன். ஐந்தரை அடி. டிராக்டர் ஆறு.

"சக்கரத்த கழட்டிட்டு உள்ள தள்ளினா?"

"டெய்லி கழட்டி டெய்லி மாட்டணும்னா, உழவு எப்ப ஓட்றது?"

அம்மா சமையலறையிலிருந்து சிரிப்பது கேட்டது. விற்கச் சொல்கிறவர்தான், ஆனால் பெரிய சிரிப்பு.

மாலை சொல்தா தாத்தாவிடம் போனேன். பக்கத்து வீட்டுக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர் (பிரெஞ்சில் சொல்தா), பென்ஷன் இன்னும் பிரான்சிலிருந்து வருகிறது. மதிலை ஓரடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்வாரா என்று கேட்டேன்.

"நோன், மதமுவாசெல். பிரெஞ்சுக்காரனே போய்ட்டான், எங்கப்பாரு கட்ன செவுரு போவல. ஒங்கப்பன் டிராக்டருக்காக போவணுமா?"

கோபமில்லை. பிஸ்கட் கொடுத்தார். நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லிவிட்டு வந்தேன்.

அக். 14, செவ்வாய்

மேகம். காற்றே இல்லை.

மேஸ்திரி வந்தார். சந்துப் பக்கம் இருக்கும் சமையலறைச் சுவரை உடைத்துப் பின்னால் வழி எடுக்க முடியுமா என்று அப்பா கேட்டார். அம்மா கரண்டியுடன் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி: "இது மொட்ட செவுருங்க. மேல லிண்டலு இல்ல. இவ்ளோ அகலத்துக்கு கை வெச்சா மேல இருக்கறது தலைல உக்காரும்."

லிண்டல் என்றால் என்ன என்று கேட்டேன். கதவு, ஜன்னல் மேலே படுத்திருக்கும் கட்டை. பழைய வீடுகளில் மரம், இப்போது கான்கிரீட். மேல் சுவரின் எடையை அதுதான் வாங்கிக்கொள்கிறது. கீழே காலியாக இருந்தாலும் சுவர் நிற்கும்.

அவர் போனபின் வீடு முழுக்க லிண்டல் தேடினேன். ஹாலில் மூன்று. சமையலறைக் கதவுக்கு மேல் ஒன்று. அம்மா: "தலைய தூக்கினே நடந்து எங்கனா முட்டிக்காத."

கடைசியாக என் அறை. தெருப்பக்கத்து அறை. ஜன்னலுக்கு மேலே ஒன்று இருக்க வேண்டும். இருக்கிறது. ஆனால் அதற்கும் மேலே, சுண்ணாம்புப் பூச்சில் ஒரு விரிசல். நேர்கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டது போல. ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் போய், இரண்டு முனையிலும் அப்படியே கீழே இறங்குகிறது, தரை வரை.

விரிசல் தானாக இப்படி விடாது. கோணல்மாணலாகத்தான் விடும்.

அங்கே பெரிய வாசல் இருந்திருக்கிறது. யாரோ அடைத்து, நடுவில் ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஹாலிலிருந்து என் அறைக்கு மட்டும் ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது போல! தரை தெரு மட்டத்தில் இருக்கிறது. வண்டி நிறுத்திய இடம்.

ஒரு கோட்டிலிருந்து மற்றது வரை: எட்டரை அடி.
அறையின் ஆழம்: பதினாறு.
உயரம்: விரிசல் வரை எட்டரைக்கு மேல்.

டிராக்டர் போகும்.

கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

யாரிடமும் சொல்லவில்லை.

அக். 15, புதன்

பள்ளியில் ஒளி விலகல் பாடம். கவனிக்கவில்லை.

இந்த அறை போன வருடம்தான் எனக்குக் கிடைத்தது. பத்தாம் வகுப்பு வருகிறதே என்று பழைய சாமான்களை எடுத்துவிட்டு அப்பாவே வெள்ளையடித்துக் கொடுத்தார். கதவைச் சாத்திக்கொள்ளலாம். புத்தகங்களை எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். இப்போது நிற ஒழுங்கில். அதற்கு முன் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், மடியில் பலகை வைத்துப் படித்தேன்.

நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த விரிசலைப் படுத்துக்கொண்டு பார்ப்பது நான் ஒருத்திதான்.

மாலை அப்பா போனில்: "ஞாயித்துக்கெழம வாங்கண்ணே... இல்ல, பேட்டரி புதுசு போட்டுட்டேன்... வெல நேர்ல பேசிக்கலாம்." விழுப்புரம் பக்கத்துத் தரகர்.

பிறகு வாசலில் வாளியும் பிரஷும் வைத்து டிராக்டரைக் கழுவினார். டயர் பட்டைகளுக்கு இடையில் விரல் விட்டுச் சேற்றை எடுத்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விக்கறதுக்காப்பா?"

"வண்டிய கழுவறதுக்கு காரணம் வேணுமா?"

அப்பா செக்யூரிட்டி சட்டையில் எப்படி இருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். தொப்பியும் உண்டு அவர்களுக்கு. கேட் திறக்க வேண்டும், மூட வேண்டும். அப்பாவால் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது.

இரவு சாப்பாடு: ரசம், அப்பளம். பிடிக்கவில்லை.

அக். 16, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. காலை தூறல், நின்றுவிட்டது. கணக்கு டெஸ்ட், சுமார்.

தப்பாக இருந்தால்? உள்ளே லிண்டல் இல்லாமல் வெறும் விரிசலாகவே இருந்தால்? அப்படி இருக்கட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். பிறகு, உள்ளே என்னதான் இருக்கும் என்று தெரிந்துகொள்ளவும் ஆசையாக இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். எப்படி?

அக். 17, வெள்ளி

பள்ளியிலிருந்து வந்ததும் கட்டிலை ஹாலுக்கு இழுத்தேன். மேசையையும். புத்தக அலமாரி நகரவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டேன். காலியான தரையில் சாக்பீஸால் டிராக்டரை வரைந்தேன், நிஜ அளவில். நான்கு சக்கரம், நடுவில் சீட். சுவரில் விரிசலின் மேலேயே கோடு இழுத்தேன், எட்டும் வரை.

அப்பாவைக் கூப்பிட்டேன். அம்மாவும் பின்னாலேயே.

அம்மா: "என்னாடி இது, ரூம இப்படி கலச்சி வெச்சிருக்க?"

சொன்னேன். வாசல், லிண்டல், இறங்கும் படி, எட்டரை அடி.

அம்மா: "வேணாம். பத்தாவது படிக்கற புள்ள ரூம புடுங்கி வண்டிய வுட்டாங்கன்னு ஊரு பேசும்."

"நான் ஹால்ல படிச்சிக்கறேம்மா."

"ஹால்ல டிவி."

அப்பா: "டிவிய வித்துடலாம்."

அம்மா: "அத்த விப்பீங்க. இத்த விக்க மாட்டீங்க."

அப்பா சாக்பீஸ் டிராக்டரைச் சுற்றி நடந்தார், கோட்டை மிதிக்காமல். பின் சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பக்கவாட்டில் நின்று பார்த்தார், இறங்க இடம் இருக்கிறதா என்று. இருந்தது. சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாக்கெழம."

என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ரொட்டவேட்டர எங்க வெக்கறது?" என்றார்.

"கட்டில் இருந்த எடத்துல."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கட்டிலு?"

அதற்கு இன்னும் பிளான் இல்லை.

அக். 18, சனி

மேஸ்திரி காலையிலேயே வந்தார். லிண்டல் இருந்தால் வேலை. இல்லாவிட்டால் நாளைக்குத் தரகர். அப்பா இதை இப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவ்வளவுதான் விஷயம்.

விரிசல் மேல் உளி வைத்துத் தட்டினார். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே தட்டையான சின்னச் செங்கல். இன்னும் தட்டினார். மறுபடி செங்கல். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்மா வேலைக்குக் கிளம்பியவர் கிளம்பவில்லை.

பிறகு சத்தம் மாறியது. 'டக்' என்று. மரம். கறுப்பாக, என் தோள் அகலத்துக்குத் தடிமன். மேஸ்திரி கத்தியால் கீறிப் பார்த்தார். உள்ளே இன்னும் சிவப்பு! வாசனை பார்க்கலாமா என்று கேட்டு ஸ்டூலில் ஏறினேன். பழைய பெட்டியைத் திறந்தது போல வாசனை.

"தேக்குங்க. இன்னும் நூறு வருசம் தாங்கும்."

அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய் போன் பேசினார். "இல்லண்ணே, நாளைக்கி வர வேணாம்... இல்லல்ல, குடுக்கல."

அடைத்த சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்க்க, ஜன்னலுக்குப் பக்கத்தில் தாழ்வாக, முறம் அளவுக்கு ஓட்டை போட்டார் மேஸ்திரி. திங்கள்கிழமை ஆளோடு வருவதாகச் சொல்லிப் போனார். அந்த ஓட்டை வழியாகத் தெருவைப் பார்த்தேன். கால்கள் மட்டும் போகின்றன. சைக்கிள் சக்கரம். ஒரு நாய் உள்ளே எட்டிப் பார்த்தது.

நான்கு மணிக்கு மழை. இந்த வருடத்தின் முதல் பெருமழை. காற்றோடு சேர்ந்து ஓட்டை வழியாக நேராக அலமாரி மேல். நான் புத்தகங்களை வாரி வாரி ஹாலில் போட்டேன். அப்பா வெளியே ஓடினார். டிராக்டர் மேல் கட்டியிருந்த தார்ப்பாயை முடிச்சு அவிழ்க்காமல் அறுத்து இழுத்து வந்தார். வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். ஜன்னல் கம்பியில் கட்டி ஓட்டையை மூடினார்.

"அப்பா, வண்டி நனையுது!"

"நனையட்டும். அது என்னா, பத்தாவதா படிக்குது?"

அறிவியல் புத்தகத்தின் அட்டை மட்டும் ஈரம். மற்றதெல்லாம் சரி.